குழந்தை அடிக்கடி "முடியல, கால் வலிக்குது" என்றால்: பெற்றோருக்கான முழு வழிகாட்டி

கொஞ்ச தூரம் நடப்பதற்குள் "தூக்கிக்கோ" என்று கை நீட்டும். மாலையானால் "கால் உளையுது" என்று மடியில் சாய்ந்துகொள்ளும். மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகள் உள்ள வீடுகளில் இது அடிக்கடி கேட்கும் புகார். அதற்குக் கிடைக்கும் பதில்களும் பழகியவைதான்: "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்", அல்லது "நடக்கச் சோம்பல்".

இந்தப் புகாரோடு வரும் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பயப்படும்படி ஒன்றும் இருப்பதில்லை. ஆனாலும் இரண்டு பதில்களும் பார்க்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் செய்துவிடுகின்றன. ரத்தசோகை, தூக்கக் குறைவு, வைட்டமின் டி குறைபாடு போன்ற எளிதில் சரியாகக்கூடிய காரணங்கள்கூட மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடப்பது இதனால்தான். புகார் எத்தனை முறை வருகிறது என்பதைவிட இரண்டு விஷயங்கள் அதிகம் சொல்லும்: குழந்தை காலையில் எப்படி எழுகிறது, அதன் விளையாட்டு குறைந்திருக்கிறதா. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த இரண்டையும் சுற்றித்தான் போகும்.

முதலில்: காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளை விட்டுவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

- காய்ச்சலோடு ஒரு காலை ஊன்ற மறுப்பது, அல்லது ஒரு மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது. மூட்டுக்குள் கிருமித்தொற்று இருந்தால் சில மணி நேரத் தாமதமும் மூட்டைக் கெடுக்கும்.
- நேற்றுவரை ஓடிய குழந்தையின் கால்கள் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ துவண்டு, நடை தடுமாறுவது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது.
- முகமும் உதடும் வெளிறி, அடிபடாத இடங்களில் கன்றியதுபோல் நீலத் திட்டுகளோ, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகளோ தோன்றுவது.
- அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை இறக்கம், படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோய் மறுபடி தொடங்குவது. முதல் வகை நீரிழிவு இப்படித்தான் வரும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். மறுநாள் வரை பொறுக்க வேண்டாம்.
- விளையாடும்போது உதடு நீலமாவது, மயங்கி விழுவது, மூச்சு வாங்கி நிற்க முடியாமல் போவது.
- சளிக்காய்ச்சலுக்குப் பிறகு கெண்டைக்கால் வலித்து நடக்க மறுப்பதோடு, சிறுநீர் கறுத்த நிறத்தில் போவது.

கடைசியாகச் சொன்னதில் ஒரு விளக்கம் தேவை. இன்ஃபுளுயன்சா போன்ற காய்ச்சல் தணியும் நேரத்தில் சில குழந்தைகளுக்கு இரண்டு கெண்டைக்கால்களும் திடீரென்று வலிக்கும். நுனிக்காலில் நடக்கும், அல்லது நடக்கவே மறுக்கும். இது தசையில் வரும் தற்காலிக அழற்சி; பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே தணிந்துவிடும். சிறுநீர் நிறம் மாறுவதுதான் அதில் பயப்பட வேண்டிய குறி. ஆனால் நடக்க மறுக்கும் எந்தக் குழந்தையையும் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

படி 1: "முடியல" என்று குழந்தை எதைச் சொல்கிறது?

நாலு வயதுக் குழந்தைக்கு உடம்பைப் பற்றிப் பேசச் சொற்கள் குறைவு. பசி, தூக்கம், வலி, சலிப்பு, பயம் எல்லாமே "கால் வலிக்குது" என்ற ஒரே வாக்கியத்தில் வெளிவரலாம். நீங்கள் பிரித்தறிய வேண்டியவை நான்கு: அசதி, வலி, பலவீனம், விருப்பமின்மை. நான்கும் வேறு வேறு இடங்களுக்கு இட்டுச்செல்பவை.

அசதி என்றால் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்ததும், எதையாவது சாப்பிட்டதும் குழந்தை மறுபடி எழுந்து ஓடும். வலி என்றால் ஓர் இடத்தைக் காட்டும், அல்லது அந்த இடத்தைத் தொடவிடாது. பலவீனம் என்றால் குழந்தை பெரும்பாலும் புகாரே செய்யாது. மற்ற பிள்ளைகள் ஏறும் இடத்தில் ஏறாது, அடிக்கடி விழும், பின்தங்கும். விருப்பமின்மையைக் கண்டுபிடிப்பது சுலபம்: பிடித்த இடத்துக்குப் போகும்போது வராத வலி, பிடிக்காத இடத்துக்குப் போகும்போது மட்டும் வரும். அதுவும் பொய் அல்ல. பள்ளியில் யாரையாவது கண்டு பயமா, வீட்டில் புதிதாகத் தம்பி தங்கை பிறந்ததில் மனம் வாடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய புகார் அது.

கேட்கும் விதம் முக்கியம். "முட்டி வலிக்குதாம்மா?" என்றால் குழந்தை ஆமாம் என்றுதான் சொல்லும். "எங்கேன்னு ஒரு விரலால தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். மறுநாள் மறுபடி கேளுங்கள். தினமும் ஒரே இடத்தைக் காட்டினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்; ஒருநாள் தொடை, ஒருநாள் கெண்டைக்கால், ஒருநாள் இரண்டு காலும் என்று மாறினால் பெரும்பாலும் கவலை குறைவு. இன்னொன்று: இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு குழந்தைகளுக்கு முழங்கால் வலியாகவோ தொடை வலியாகவோ தெரியும். நான்கு முதல் எட்டு வயதுக்குள், ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படும் பெர்த்திஸ் நோயில் தொடை எலும்பின் மேல்முனைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. குழந்தையோ முழங்காலைத்தான் காட்டும், லேசாக நொண்டும். முழங்காலைப் படம் எடுத்து "ஒன்றுமில்லை" என்று திரும்பிவந்தால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

நடையின் அளவையும் ஒருமுறை யோசியுங்கள். பெரியவர் ஓரடி வைக்கும் தூரத்தில் சிறு குழந்தை இரண்டு மூன்று அடி வைக்கிறது. நமக்குச் சாதாரண நடை அதற்கு நீண்ட ஓட்டம்.

படி 2: இரண்டு வாரம் எழுதிவையுங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். புகார் வந்த நேரம், எந்தக் கால், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரத்தில் சரியானது, முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கியது: இவை மட்டும். கூடவே, அன்று விளையாடியதா என்று ஒரு வரி. ஓடும்போதோ, விழும்போதோ, நொண்டும்போதோ கைபேசியில் சில நொடி வீடியோ எடுத்துவையுங்கள். மருத்துவர் அறையில் குழந்தை நன்றாகத்தான் நடக்கும்.

இரண்டு வாரம் கழித்துப் படித்தால், உங்களுக்கே ஒரு வடிவம் தெரியும். மாலையும் இரவும் மட்டும் வலி, காலையில் துள்ளி எழுகிறது என்றால் ஒரு வழி. காலையில் எழுந்ததும் கால் விறைத்து, ஒரு மணி நேரம் போன பிறகே நடை சரியாகிறது என்றால் முற்றிலும் வேறு வழி. மூட்டு அழற்சி உள்ள சிறு குழந்தைகள் வலி என்று சொல்லாமலேயே இருப்பார்கள். காலை விறைப்பும் மூட்டு வீக்கமும்தான் காட்டிக்கொடுக்கும். காலையில் நன்றாக இருந்து, மாலையில் கண் இமை தொங்கி, கால் துவண்டுபோவது இன்னொரு வகை. அது அரிது, ஆனால் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியது.

படி 3: வீட்டிலேயே பாருங்கள்

குளிக்கும் நேரம் இதற்கு நல்ல நேரம். இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒரு முழங்கால், ஒரு கணுக்கால் மற்றதைவிடத் தடித்திருக்கிறதா? ஒரு தொடை மெலிந்திருக்கிறதா? கெண்டைக்கால் உடம்போடு பொருந்தாமல் பருத்து உருண்டிருக்கிறதா? கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்கம் சிவப்பாக இருக்கிறதா, வெளிறியதா என்று பாருங்கள். மணிக்கட்டு அகன்று, கால்கள் வில்லாய் வளைந்திருந்தால் வைட்டமின் டி அல்லது கால்சியம் குறைபாட்டால் எலும்பு மென்மையாகும் ரிக்கெட்ஸ் நோயை நினைக்க வேண்டும். ஆனால் இரண்டு வயதுக்குள் கால் கொஞ்சம் வளைந்திருப்பதும், மூன்று நான்கு வயதில் முழங்கால்கள் ஒட்டினாற்போல் இருப்பதும் இயல்பே.

பிறகு விளையாட்டாகச் சிலவற்றைச் செய்யச் சொல்லுங்கள். நுனிக்காலில் நடக்கட்டும், குதிகாலில் நடக்கட்டும். மூன்று வயதைத் தாண்டிய குழந்தை மாற்றி மாற்றிக் கால் வைத்துப் படி ஏறும். ஐந்து வயதில் ஒற்றைக்காலில் தாவும். கடைசியாகத் தரையில் உட்காரவைத்து, எதையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். இதை மட்டும் கூர்ந்து கவனியுங்கள். குப்புறத் திரும்பி, கைகளைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலிலும் தொடையிலும் கை வைத்துத் தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுந்தால், இடுப்பையும் தொடையையும் சுற்றியுள்ள தசைகள் பலவீனமாக இருக்கின்றன என்று பொருள். 1879இல் வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்ததால் இதற்குக் கவர்ஸ் குறி என்று பெயர். ஆண் குழந்தைகளைத் தாக்கும் டுஷேன் தசைச்சிதைவு நோயில் இது தெளிவாகத் தெரியும். தாமதமாக நடக்கத் தொடங்கியது, அடிக்கடி விழுவது, பருத்த கெண்டைக்கால் எல்லாம் அதோடு சேர்ந்து வரும். அந்த நோய் அரிது. ஆனால் கிரியேட்டின் கைனேஸ் என்ற ஒரே ரத்தப் பரிசோதனை பெரிய துப்பு தரும். சீக்கிரம் தெரிந்தால் சிகிச்சையும் பயிற்சியும் சீக்கிரம் தொடங்கும். "பையன்கள் மெதுவாத்தான் எல்லாம் செய்வாங்க" என்று ஆறுதல் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள்.

மூட்டுகள் மிகவும் வளைந்துகொடுக்கும் குழந்தைகளும் உண்டு. கட்டைவிரல் முன்கையைத் தொடும், முழங்கால் பின்னோக்கி வளையும். இவர்களுக்கு நிற்பதற்கும் நடப்பதற்கும் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதால் கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். எழுதும்போது கையும் வலிக்கலாம். நடையை நிறுத்துவது இவர்களுக்குத் தீர்வு ஆகாது. தசையை வலுப்படுத்தும் பயிற்சிதான் உதவும். நீச்சலும் மிதிவண்டியும் நல்லவை. தட்டைப் பாதமோ சிறு குழந்தைகளிடம் சகஜம். நுனிக்காலில் நிற்கும்போது பாதத்தில் வளைவு தோன்றி, வலியும் இல்லாவிட்டால், அதற்கென்று விலையுயர்ந்த காலணி தேவையில்லை.

படி 4: இரவில் வரும் வலி

வளர்ச்சி வலி என்று சொல்லப்படுவதற்கு ஓர் அடையாளக் கட்டு உண்டு. வயது 3 முதல் 12 வரை. இரண்டு காலிலும் வரும்: தொடையின் முன்பக்கம், கெண்டைக்கால், முழங்காலின் பின்குழி. மூட்டில் வராது. மாலையிலோ இரவிலோ வந்து, சில நேரம் தூக்கத்திலிருந்து எழுப்பி அழவைத்து, தேய்த்துவிட்டால் தணிந்து, காலையில் சுவடே இல்லாமல் போய்விடும். நொண்டல் இருக்காது. சில நாள் வந்து, சில வாரம் காணாமல் போகும். நிறைய ஓடி விளையாடிய நாளில் கூடலாம்.

பெயர் அப்படி இருந்தாலும் வளர்ச்சிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. குழந்தை மிக வேகமாக வளர்வது முதல் வருடத்திலும் பூப்பெய்தும் பருவத்திலும். இந்த வலியோ இடைப்பட்ட வயதில்தான் அதிகம். எனவே "வளர்றான், அதான்" என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ளாமல், மேலே சொன்ன எல்லா அடையாளங்களும் பொருந்தும்போது மட்டுமே அந்தப் பெயரைச் சூட்டுங்கள். ஒன்று பிசகினாலும், அதாவது ஒரே காலில் தொடர்ந்து, ஒரே இடத்தில், காலையிலும் மிச்சம், தொட்டால் வலி, காய்ச்சல், எடை இறக்கம் என்று எது இருந்தாலும், மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் 2 முதல் 5 வயதுக்குள் அதிகம் தொடங்குகிறது. அதன் முதல் அறிகுறி சில நேரம் கால் எலும்பு வலிதான். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. அந்த வலியோடு வெளிறலும், காய்ச்சலும், சோர்வும், நீலத் திட்டுகளும் பெரும்பாலும் சேர்ந்து வரும் என்பதையும், வெறும் இரவு வலியில் அவை இராது என்பதையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்கத்தான்.

வளர்ச்சி வலி வந்த இரவில் செய்ய வேண்டியது எளிது. விளக்கை மங்கலாக வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கெண்டைக்காலையும் தொடையையும் மெதுவாகப் பிடித்துவிடுங்கள். சூடு பொறுக்கும் அளவுக்கு வெதுவெதுப்பான துணி ஒற்றடம் கொடுக்கலாம். பகலில் தொடை, கெண்டைக்கால் தசைகளை நீட்டும் பயிற்சி சில நிமிடம் செய்தால் பல குழந்தைகளுக்கு வலி வரும் இரவுகள் குறைகின்றன. வலி கடுமையானால் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின் தரவே கூடாது. குழந்தைகளுக்கு அதனால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரைஸ் (Reye's) நோய்க்குறி என்ற ஆபத்து உண்டு. வாரத்தில் பல இரவு மருந்து தேவைப்படுகிறது என்றால் அது மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டிய வலி.

படுத்ததும் கால் குறுகுறுக்கிறது, பூச்சி ஊர்கிறது என்று காலை உதறிக்கொண்டே இருக்கும் குழந்தைகளுக்கு ஓய்வற்ற கால் தொந்தரவு இருக்கலாம். அதில் உடம்பின் இரும்புச் சேமிப்பு குறைந்திருப்பது வழக்கம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: தூக்கம், இரும்பு, அசைவு

மருத்துவரைப் பார்ப்பதற்குள்ளேயே தொடங்கக்கூடியது தூக்கம். பகல் தூக்கத்தையும் சேர்த்து 3 முதல் 5 வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும் தேவை. நோட்டில் எழுதிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் பல வீடுகளில் ஒரு மணி நேரமாவது குறையும். நேரம் போதுமானதாக இருந்தும் அசதி என்றால், இரவில் எழுந்து குழந்தையின் மூச்சைக் கேளுங்கள். தினமும் குறட்டை, திறந்த வாய், இடையில் மூச்சு நின்று திணறுவது, தலையணை நனையும் வியர்வை இருந்தால் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டோ தொண்டையில் உள்ள டான்சிலோ வீங்கிக் காற்றுப்பாதையை அடைக்கலாம். அப்படிப்பட்ட குழந்தை எத்தனை மணி நேரம் படுத்தாலும் ஓய்வு பெறாது.

இரும்புக் குறைவுதான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. அது அவ்வளவு பரவலானது, அவ்வளவு மெதுவாக வருவது. குழந்தை வெளிறுவதைத் தினமும் பார்க்கும் நம் கண் கவனிக்காது. அசதி, எரிச்சல், பசியின்மை, மண், சுண்ணாம்பு, ஐஸ்கட்டி தின்னும் ஆசை எல்லாம் அதன் அறிகுறிகள். நிறையப் பால் குடிக்கும் குழந்தைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. வயிற்றை நிரப்பி மற்ற உணவையும் தள்ளிவிடும். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைச் சுற்றியே பால் இருக்கட்டும், புட்டியை நிறுத்திவிடுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, பயறு, கீரை ஆகியவற்றோடு வைட்டமின் சி உள்ள பழத்தையும் சேர்த்துக் கொடுத்தால் தாவர உணவின் இரும்பு நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம்.

ஆனால் ரத்தசோகை வந்துவிட்ட பிறகு உணவால் மட்டும் சரியாகாது, மருந்து தேவை. இரும்பு மருந்தை நீங்களாகவே வாங்கிக் கொடுக்காதீர்கள். தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் கோளாறிலும் குழந்தை வெளிறும். அதில் தேவையின்றி இரும்பு கொடுப்பது தீங்கு. தவிர, அளவு மீறிய இரும்பு சிறு குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து. வீட்டிலுள்ள பெரியவர்களின் இரும்பு மாத்திரைகளையும் எட்டாத இடத்தில் பூட்டிவையுங்கள்.

அசைவைப் பொறுத்தவரை, அசதி என்று சொல்லும் குழந்தையை எப்போதும் தூக்கிக்கொண்டே போனால் தசை இன்னும் வலுவிழக்கும். நோய் இல்லை என்று தெரிந்த பிறகு தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். "அந்த மரம் வரைக்கும் நட, அப்புறம் உட்காரலாம்" என்று இலக்கைச் சின்னதாக்குங்கள். கெஞ்சவோ திட்டவோ வேண்டாம்.

படி 6: மருத்துவரிடம்

நோட்டையும் வீடியோவையும் கொண்டுபோங்கள். முதலில் குழந்தை என்ன செய்ய முடியாமல் போனது என்பதைச் சொல்லுங்கள்: "முன்னாடி படி ஏறுவா, இப்ப ஏறுறதில்லை" என்பது "ரொம்ப டயர்டா இருக்கா" என்பதைவிட மருத்துவருக்கு நூறு மடங்கு பயன்படும். மூட்டு, தசை, முதுகில் வலியோ விறைப்போ உண்டா, உதவியின்றி உடை மாற்ற முடிகிறதா, படி ஏறி இறங்கச் சிரமமா: இந்த மூன்றுக்கும் பதிலைத் தயாராக வைத்திருங்கள். குடும்பத்தில் தசை நோய், ரத்த நோய், தைராய்டு, மூட்டு அழற்சி யாருக்காவது இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

நல்ல பரிசோதனையில் குழந்தையின் காலணியைக் கழற்றி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள், இடுப்பை அசைத்துப் பார்ப்பார்கள், உயரம், எடையை வளர்ச்சி வரைபடத்தில் குறிப்பார்கள். வயிற்றில் கல்லீரல், மண்ணீரல் தட்டுப்படுகிறதா என்றும் பார்ப்பார்கள். தொடை இடுக்கில் நாடி பிடிப்பதும் இதில் சேரும். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் மகாதமனி ஓரிடத்தில் குறுகியிருந்தால் காலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, ஓடும்போது கால் சோரும், அந்த நாடி மெலிந்திருக்கும்.

அடையாளங்கள் முழுதும் வளர்ச்சி வலியோடு பொருந்தி, பரிசோதனையும் சரியாக இருந்தால் ரத்தமோ எக்ஸ்ரேயோ தேவைப்படாமலே போகலாம். சந்தேகம் இருந்தால் முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், அழற்சி அளவு, வைட்டமின் டி, தைராய்டு, கிரியேட்டின் கைனேஸ் ஆகியவற்றிலிருந்து தேவையானதை எழுதுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி, ஹீமோகுளோபின் 2 முதல் 5 வயதுக்குள் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்கும், 5 முதல் 11 வயதில் 11.5 கிராமுக்கும் கீழே இருந்தால் ரத்தசோகை. காய்ச்சலோ சளியோ இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும் என்பதால் உடம்பு தேறிய பிறகு எடுப்பது நல்லது. காரணம் தெரியாத கால் வலிக்கு, ரத்தம் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுக்கச் சம்மதிக்காதீர்கள். ரத்தப் புற்றுநோய் இருந்தால் அதைத் தற்காலிகமாக மறைத்துவிடும்.

படி 7: சிகிச்சை தொடங்கிய பிறகு

இரும்பு மருந்தில் மலம் கறுக்கும், அது இயல்பு. பல்லில் கறை படியாமல் இருக்கக் கொடுத்ததும் வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். ஹீமோகுளோபின் நான்கு வாரத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் மருந்து உள்ளே போகிறதா, குடலில் ரத்தக்கசிவோ கொக்கிப்புழுவோ உறிஞ்சுதலில் கோளாறோ உண்டா என்று தேட வேண்டும். எண் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். குழந்தை சுறுசுறுப்பாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தும் வீடுகள் நிறைய. அங்கே அசதி சில மாதத்தில் திரும்பி வந்துவிடும்.

ஆசிரியரிடம் பேசுங்கள். நடுவில் உட்கார அனுமதி, விளையாட்டு நேரத்தில் கட்டாயப்படுத்தாமை, அதே சமயம் ஒதுக்கி உட்காரவைக்காமை: மூன்றையும் கேளுங்கள். அங்கே குழந்தை எப்படி ஓடுகிறது, யாரோடு விளையாடுகிறது என்று அவர் சொல்வதை நோட்டில் சேருங்கள். குழந்தையிடம் "உனக்கு ஒண்ணுமில்லை" என்று சொல்ல வேண்டாம். "வலிக்குதுன்னு சொன்னியே, டாக்டர் பாத்தாங்க, கால் பலமா இருக்காம், ராத்திரி வலிச்சா நான் பிடிச்சுவிடறேன்" என்றால் அதற்குப் புரியும்.

எல்லாம் சரி என்று வந்தாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு மறுபார்வைக்கு நாள் குறித்துக்கொண்டு வாருங்கள். அதற்குள் நொண்டல் தோன்றினாலோ, வலி ஒரே பக்கம் நிலைத்தாலோ, காலை விறைப்பு வந்தாலோ, எடை இறங்கினாலோ, முன்பு செய்த ஒன்றைச் செய்ய முடியாமல் போனாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் போங்கள். முதல் முறை ஒன்றும் தெரியாத குழந்தைக்கு இரண்டாம் முறை தெரிவது உண்டு. அதனால், "போன மாசம் பாத்தாச்சே" என்று யாராவது சொன்னாலும் மறுபடி பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள்.